ஒன்றரை மேரி பிஸ்கட்

புஜ்ஜிக்கு ஏழு வயது. வாங்கும்போது பொமரேனியன் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நம் ஊரில் வெள்ளையாக, புசுபுசுவென்று, வாலைச் சுருட்டி முதுகில் போட்டிருக்கும் எல்லா நாயும் பொமரேனியன்தான். உண்மையில் அவள் இந்தியன் ஸ்பிட்ஸ். அசல் பொமரேனியன் மூன்று, மூன்றரை கிலோவுக்குள் நின்றுவிடும். போன ஆடி மாதம் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனபோது புஜ்ஜி எட்டு கிலோ நூறு கிராம்.

"இவ ஆறு கிலோ இருந்தாப் போதும்மா. என்ன குடுக்கறீங்க?"

பாக்கெட் சாப்பாடு மட்டும்தான் சார் என்றேன். பின்னால் நின்றிருந்த அத்தை சுவரில் ஒட்டியிருந்த வெறிநாய்க்கடி போஸ்டரை ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

நான் துவாக்குடி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். எதையும் நோட்டில் எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். டாக்டருக்கும் அது தெரிந்துவிட்டது போல, மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு கணக்கு போட்டுக் கொடுத்தார். நாயின் எடையை அதே எடையால் இரண்டு முறை பெருக்கு. வந்ததற்கு இரண்டு தடவை வர்க்கமூலம் எடு. 70-ஆல் பெருக்கு. 6 கிலோவுக்கு 216, அப்புறம் 14.7, அப்புறம் 3.83, கடைசியில் 268. சும்மா படுத்திருக்கவே இவ்வளவு கலோரி வேண்டும். கருத்தடை ஆபரேஷன் ஆன, வாசலுக்கும் சோபாவுக்கும் மட்டும் நடக்கிற நாய்க்கு இதை 1.4-ஆல் பெருக்கினால் 375. அவ்வளவுதான் புஜ்ஜியின் ஒரு நாள் பட்ஜெட்.

எதிர்வீட்டு லேப்ரடாருக்கும் போட்டுப் பார்த்தேன். முப்பது கிலோ, அதாவது ஐந்து மடங்கு எடை. ஆனால் சாப்பாடு மூன்றேகால் மடங்குக்குச் சற்று மேல்தான் வருகிறது. சின்ன உடம்பு, கிலோ கணக்கில் பார்த்தால், அதிகமாக எரிக்கிறது. வயிறோ உள்ளங்கை அளவு. அதனால் அதற்குள் போவது கொஞ்சம் சத்தாக இருக்க வேண்டும். குட்டியாக இருந்தால் இன்னும் கவனம். ரொம்பச் சின்ன ஜாதிக் குட்டிகள் நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கித் துவண்டுவிடும்.

அடுத்தது விலை. இத்தனை வருடம் நான் கிலோ விலையைப் பார்த்துத்தான் வாங்கினேன், அரிசி வாங்குகிற மாதிரி. அது தப்பு என்று நோட்டில் எழுதியபோதுதான் தெரிந்தது. நான் கடையில் எடுத்துப் பார்த்த பாக்கெட்டுகள் பலவற்றில் கலோரி போடவில்லை, ஆனால் புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம் எல்லாம் சதவீதத்தில் இருந்தது. சாம்பல் சத்து, அதாவது தாது உப்பு, போடாவிட்டால் 8 என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் 100-இல் கழித்தால் மிஞ்சுவது மாவுச்சத்து. புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5-ஆலும் கொழுப்பை 8.5-ஆலும் பெருக்கிக் கூட்டினால் நூறு கிராமுக்கு எத்தனை கலோரி என்று வந்துவிடும்.

நான் வாங்கிக்கொண்டிருந்தது கிலோ 200 ரூபாய். புரதம் 20, கொழுப்பு 8. நூறு கிராமுக்குச் சுமார் 300 கலோரி. புஜ்ஜிக்கு 125 கிராம் வேண்டும், 25 ரூபாய். அடுத்த ரகம் 340 ரூபாய், புரதம் 24, கொழுப்பு 12. அதில் 113 கிராம் போதும், 38 ரூபாய். கண்ணாடி அலமாரிக்குள் வைத்திருந்த வெளிநாட்டுப் பாக்கெட் 800 ரூபாய். நூறே கிராம் போதும், ஆனாலும் 80 ரூபாய். கிலோ விலையில் 140 ரூபாய் வித்தியாசம் என்று நான் பயந்த நடு ரகம், ஒரு நாளைக்குப் பதின்மூன்று ரூபாய்தான் கூட. டோல்கேட்டில் ஒரு டீ. லேப்ரடார் வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள், அது வேறு. 80 ரூபாய் எனக்குக் கட்டாது, அவசியம் என்று டாக்டரும் சொல்லவில்லை.

நடு ரகத்தில் எதை எடுப்பது என்பதற்குப் பாக்கெட்டின் பின்பக்கத்தை நின்று படித்தேன். கடைப் பையன் "அக்கா, உக்காந்தே படிங்க" என்று ஸ்டூல் போட்டான். முதலில் தேட வேண்டியது 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு', அதாவது எல்லாச் சத்தும் சரியான அளவில் உள்ளது என்ற வரி, அது எந்த வயதுக்கு என்பதோடு. அது இல்லாமல் 'காம்ப்ளிமென்டரி' என்று இருந்தால் அது தொட்டுக்கொள்ள மட்டும், சாப்பாடு ஆகாது. ஆஃப்கோ என்கிற அமெரிக்க அமைப்பின் அளவுப்படி, ஈரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் வளர்ந்த நாய்க்குப் புரதம் குறைந்தது 18 சதவீதம், குட்டிக்கு 22.5. பொருட்கள் பட்டியலில் 'சிக்கன்' முதலில் இருக்கிறதே என்று மயங்கக் கூடாது. சமைப்பதற்கு முந்தைய எடைப்படிதான் வரிசை. பச்சைக்கறியில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர். 'சிக்கன் மீல்' என்று இருந்தால் தண்ணீர் போன பொடி, பெயர்தான் கேட்க நன்றாக இல்லை.

கிரேவி பவுச்சில் புரதம் 8 என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். ஈரம் 80 சதவீதம், மீதி இருபதில் எட்டு, ஆக 40. தப்பாக நினைத்துவிட்டேனே என்று இருந்தது. ஆனால் வயிறு நிறைய ஒரு நாளைக்கு ஐந்தாறு பவுச் ஆகும், அதனால் அது கல்யாண நாளுக்கு மட்டும்.

'கிரெயின் ஃப்ரீ எடுங்கக்கா, அதான் இப்ப எல்லாரும்' என்றான் பையன். அரிசிக்குப் பதில் பட்டாணி, பருப்பு போட்டது. அப்படிப்பட்ட உணவுக்கும் நாய்களின் இதயத் தசை நோய்க்கும் சம்பந்தம் உண்டா என்று 2018-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ விசாரணை தொடங்கியது. உறுதியாக நிரூபணம் ஆகவில்லை. இருந்தாலும் திருச்சியில் பிறந்து வளர்ந்த நாய்க்குச் சோறு ஆகாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெந்த அரிசி நாய்க்கு நன்றாகவே செரிக்கும்.

'ஸ்மால் ப்ரீட்', அதாவது சின்ன ஜாதி நாய்க்கு என்று எழுதிக் கொஞ்சம் கூட விலை வைத்திருந்ததில் முக்கியமான வித்தியாசம் உள்ளே இருக்கும் உணவு மணியின் அளவு. புஜ்ஜி பெரிய மணியைக் கடிக்க மாட்டாள். வாயில் கவ்விக்கொண்டு போய் மிதியடியில் வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள். சின்ன வாயில் பற்கள் நெருக்கி முளைத்திருக்கும், ஊத்தை சீக்கிரம் படியும். சாதாரண அடல்ட் பாக்கெட்டிலேயே சின்ன மணி கிடைத்தது, அதை எடுத்தேன்.

அதிலும் ஒரு புத்திசாலித்தனம் பண்ணினேன். பத்து கிலோ மூட்டை கிலோவுக்கு அறுபது ரூபாய் குறைவு என்று தூக்கி வந்தேன். ஒரு நாளைக்கு 113 கிராம் என்றால் மூட்டை எண்பத்தெட்டு நாள். திருச்சி வெயிலில் மூன்றாம் மாதம் திறந்தால் பழைய முறுக்கு டப்பா வாடை. மணிகளின் மேல் தெளித்திருக்கும் கொழுப்பு கெட்டுப்போயிருந்தது. புஜ்ஜி ஒரு முறை மோந்துவிட்டு நடையைக் கட்டினாள். மூன்று கிலோவைக் குப்பையில் கொட்டினேன், மிச்சம் பிடித்ததெல்லாம் அதோடு போயிற்று. இப்போது மூன்று கிலோ பை. இருபத்தாறு நாளில் முடிந்துவிடும். பையோடு டப்பாவுக்குள் வைக்கிறேன், திறந்த தேதியைப் பேனாவில் எழுதி. வாய் திறந்த சாக்கிலிருந்து லூஸில் அளந்து தருவதை வாங்குவதில்லை, என்றைக்குத் திறந்தார்களோ.

வீட்டிலேயே சமைத்துப் போடலாமே என்று கேட்பீர்கள். கோழி ஈரலும் சோறும் பத்து நாள் போட்டேன். கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் ரொம்பக் குறைவு, இதை அளக்காமல் மாதக்கணக்கில் போட்டால் எலும்பு போகும் என்று டாக்டர் நிறுத்திவிட்டார். வெந்த எலும்பு உடைந்து குத்தும், அதுவும் கூடாது. வெங்காயம், பூண்டு, திராட்சை கிட்டவே கொண்டுபோகக் கூடாது. நம் குழம்பில் முதல் இரண்டும் இல்லாமல் எது இருக்கிறது?

இவ்வளவு செய்தும் முதல் மாதம் எடை நூறு கிராம்கூட இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் உட்கார்ந்து எண்ணினேன். காலை டீக்கு அத்தை இரண்டு மேரி, பதினோரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் இரண்டு, சீரியல் முடிந்து ஒன்று. ஒரு மேரி ஏறக்குறைய 25 கலோரி. ஆறு பிஸ்கட் 150. முந்நூற்று எழுபத்தைந்தில் நாற்பது சதவீதம். ஒரு ஆள் சாப்பாட்டுக்கு மேல் 800 கலோரி பிஸ்கட் தின்ற மாதிரி.

தின்பண்டம் பத்து சதவீதத்துக்குள் இருக்கணும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். 37 கலோரி. "அத்தை, ஒன்றரை பிஸ்கட்தான். அதுக்கும் சாப்பாட்டுல கழிச்சுக்கறேன்" என்றேன். "ஏம்மா, வாயில்லா ஜீவன்கிட்டப் போய் அரை பிஸ்கட் கணக்கா?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பார்த்தேன். அத்தை ஒரு மேரியை எட்டாக உடைத்து மூடியில் வைத்திருந்தார். கேட்டபோதெல்லாம் ஒரு துண்டு. புஜ்ஜி ஒவ்வொரு தடவையும் முழு பிஸ்கட் கிடைத்த மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு ஓடுகிறாள். அரை பிஸ்கட் சாயங்காலத்துக்கு. தராசு ஏறி, புஜ்ஜியைத் தூக்கிக்கொண்டு ஒரு தரம், இறக்கிவிட்டு ஒரு தரம் பார்த்துக் கழிக்கிறேன். இந்த வாரம் ஆறு கிலோ முந்நூறு. என் எடையை அந்த நோட்டில் எழுதுவதில்லை.