ஓனோமிச்சி மலையில் ஆயிரம் கை அவலோகிதர்

ஹிரோஷிமாவிலிருந்து கிழக்கே சாதாரண ரயிலில் ஒன்றரை மணி நேரம். ஓனோமிச்சியில் இறங்கினால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. இடையில் கிடைத்த இடத்தில் ஊர். அந்த மலையில்தான் சென்கோஜி பூங்காவும் சென்கோஜி கோயிலும் இருக்கின்றன. சென்கோஜி என்றால் ஆயிரம் ஒளிக் கோயில்.

எனக்கு அங்கே போயே ஆகவேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. மூலவர் ஆயிரம் கை அவலோகிதர், பௌத்தத்தில் கருணையின் வடிவான போதிசத்துவர். ஜப்பானில் கன்னோன் என்பார்கள். அகத்தியர் தமிழைக் கேட்டது அவலோகிதரிடம்தான் என்று, 11-ஆம் நூற்றாண்டில் வீரசோழியம் என்ற தமிழ் இலக்கண நூலைப் பாடிய புத்தமித்திரர் சொல்கிறார். அதைப் படித்த நாளிலிருந்து, அவர் இருக்கும் சந்நிதி எங்கே இருந்தாலும் அது எனக்கு அந்நியமாகத் தோன்றியதில்லை.

அம்மாவுக்கு முட்டிவலி. அதனால் ஏறுவதற்கு ரோப் கார், இறங்குவதற்கு நடை என்று முடிவு செய்தோம். 1957 முதல் ஓடும் ரோப் கார் அது. மூன்றே நிமிடப் பயணம். அடிவாரத்தில் ஜப்பானின் பூர்வீகச் சமயமான ஷிண்டோவின் உஷிதோரா கோயிலுக்கு மேலாகப் போகும்போது, கீழே பச்சைக் குடை விரித்த மாதிரி ஒரு பெரிய மரம். கற்பூர மரம், 900 வயது என்கிறார்கள். “நாம ஏத்துற கற்பூரமா?” என்று அம்மா கண்ணாடியில் நெற்றி ஒட்டப் பார்த்துக்கொண்டே வந்தார்.

உச்சியில் 2022-ல் திறந்த காட்சி மேடை இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரம் என்பதால் பூங்கா முழுக்கச் செர்ரிப் பூ. மேடையிலிருந்து பார்த்தால் ஊருக்கும் முகாய்ஷிமா தீவுக்கும் நடுவே கடல் ஓர் ஆறு மாதிரி ஓடுகிறது. படகுகள் இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்க்கொண்டே இருக்கின்றன. தீவின் கரையில் கப்பல் கட்டும் தளத்தின் கிரேன்கள். அதற்கும் அப்பால் தீவுக்குப் பின் தீவாக நீலம் வெளுத்துக்கொண்டே போகிறது.

அங்கிருந்து கோயிலுக்கு இறங்கும் பாதையில், பெரிய பாறைகளில் எழுத்தாளர்களின் வரிகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு பாறையைச் சின்னக் கல்லால் தட்டினால் மத்தளம் போல ஒலிக்கும். அம்மா இரண்டு முறை தட்டிப் பார்த்தார்.

அப்புறம் ஒரு திருப்பத்தில் சட்டென்று கோயில். கி.பி. 806-ல் எழுந்தது என்பது தலமரபு. இப்போதுள்ள சிவப்பு மண்டபம் மலைச்சரிவைத் தாண்டி, மரக்கால்களில் நிற்கிறது. பக்கத்திலேயே ஆள் உயரத்தைப் பல மடங்கு மிஞ்சும் மணிப்பாறை. ஒரு காலத்தில் அதன் உச்சியில் ஒளிரும் மணி இருந்து, இரவில் வரும் கப்பல்களுக்கு வழிகாட்டியதாம். வெளிநாட்டான் ஒருவன் அதை எடுத்துப் போகும்போது கடலில் விழுந்துவிட்டதாம். அதனால்தான் இந்தக் கடலுக்குத் தமனோஉரா, மணித்துறை என்று பெயர்.

மண்டபத்துக்குள் சந்நிதி மூடியிருந்தது. மூலவர் மறைபொருள். 33 ஆண்டுக்கு ஒருமுறைதான் திறப்பார்கள். இதைச் சொன்னதும் அம்மா ஏமாந்து போவார் என்று நினைத்தேன். “நம்ம அத்தி வரதர் மாதிரியா? அவர் 40 வருஷம் தண்ணிக்குள்ள இருப்பார். மூடியிருந்தா என்ன, உள்ளதானேப்பா இருக்காங்க” என்று கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். நான் காத்திருந்தேன். அவசரப்படுத்த மனம் வரவில்லை.

ஆயிரம் கை கன்னோனுக்கு ஜப்பானியர் சொல்லும் மந்திரம் “ஓன் பசரா தரமா கிரிக்கு.” வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பாருங்கள். ஓம் வஜ்ர தர்ம ஹ்ரீ: என்பதுதான் அது. எங்கோ புறப்பட்ட சொல், சீனம் வழியாகக் கடல் கடந்து, நாக்குக்கு நாக்கு தேய்ந்து, இந்த மலைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவர் நம் உச்சரிப்பிலேயே சொன்னார்.

வாசலில் ஒரு பெரிய ஜபமாலை தொங்குகிறது. கயிற்றை இழுக்க இழுக்க மேலே போன மணி ஒவ்வொன்றாகக் கீழே விழுந்து அடுத்த மணியைத் தட்டும். டக்... டக்... ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு கவலை போகும் என்பது நம்பிக்கை. எத்தனையோ கை பட்டு மரமணிகள் வழுவழுவென்று ஆகியிருந்தன. அம்மா இழுத்துக்கொண்டே இருந்தார். எத்தனை கவலை வைத்திருந்தார் என்று நான் கேட்கவில்லை.

இறங்கும் வழியில் தென்நெய்ஜி என்ற பௌத்தக் கோயிலின் கோபுரம். 1388-ல் ஐந்து அடுக்காகக் கட்டியது. பழுதானதால் 1692-ல் மேல் இரண்டு அடுக்கை எடுத்து மூன்றாக்கினார்கள். மேலிருந்து பார்க்கும்போது அதன் ஓட்டுக் கூரையும் கடலும் ஒரே சட்டத்துக்குள் வரும். ஓனோமிச்சியில் ஒரே ஒரு இடத்தில்தான் நிற்க நேரம் இருக்கிறது என்றால் இங்கே நில்லுங்கள்.

படிகள் செங்குத்து. பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்து, கரைக்கு வந்து சேர்வதற்குள் ஆறு மணி. மலையிலிருந்து மாலை மணி அடித்தது. ஜப்பானின் சிறந்த நூறு ஒலிகள் என்று அரசு தேர்ந்தெடுத்த பட்டியலில் உள்ள மணி அது. ஒரு அடி விழுந்து, அதன் ரீங்காரம் நீர்மேல் அடங்கிய பிறகுதான் அடுத்தது. படகுத்துறையில் நின்றபடியே அம்மா மலையைப் பார்த்துத் திரும்பிக் கைகூப்பினார். உதடு அசைந்தது. ஓம் வஜ்ர தர்ம ஹ்ரீ:.