உள்ளங்கையில் ஒரு தாள்

நேற்று சாயங்காலம் கானாடுகாத்தான் வீட்டு வளவில் உட்கார்ந்து விண்கலங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அப்பத்தா கேட்டார், "மேலே போனப்புறம் அதுக்கு எண்ணெய் யாரு ஊத்துவாக?" நல்ல கேள்வி. யாரும் ஊற்ற முடியாது, கொண்டுபோனதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும், அதனால்தான் மின்சாரத்தால் வாயுவை வேகமாகப் பின்னால் தள்ளிக் கலத்தை ஓட்டும் மின் உந்துவிசை மேல் எனக்கு இத்தனை ஆசை.

ஒரு தாளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அயனி எஞ்சின், அதாவது வாயு அணுக்களுக்கு மின்னேற்றம் கொடுத்து அயனிகளாக்கிப் பின்னால் பாய்ச்சும் எஞ்சின், தள்ளுவது ஏறக்குறைய இந்தக் கனம்தான் அப்பத்தா. நம்பாமல் கையை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். ஆனால் 2007இல் கிளம்பிய நாசாவின் டான் விண்கலம் அந்தச் சின்னத் தள்ளலை வருடக்கணக்கில் கொடுத்துக் கொடுத்தே 2011இல் வெஸ்டா என்ற சிறுகோளையும் 2015இல் சீரிஸ் என்ற குறுங்கோளையும் போய்ச் சுற்றியது, அதற்குக் கொண்டுபோன செனான் வாயு சுமார் 425 கிலோதான்! ரசாயன எஞ்சினில் புகை நொடிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறும், இதில் அயனிகள் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் பாய்வதால் கொஞ்ச வாயுவே போதும்.

சிக்கலும் அங்கேதான். கிடைக்கும் மின்சாரம் அதேதான் என்றால், அயனிகளின் வேகத்தைக் கூட்டக் கூட்டத் தள்ளல் குறையும். விண்வெளிக் குப்பை எதிரே வரும்போது சட்டென விலக வேண்டிய கலத்துக்கு இது போதாது. அதனால் தேவைக்கேற்ப வேகத்தையும் தள்ளலையும் மாற்றிக்கொள்ளும் எஞ்சின் வேண்டும், என் கண் அதில்தான் இருக்கிறது.

நம் இஸ்ரோவும் 2017இல் ஜிசாட்-9 செயற்கைக்கோளில் மின் உந்துவிசையை வைத்து அனுப்பியது. காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வு நிலையத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் யாராவது இந்தப் பக்கம் வந்தால் சொல்லுங்கள், உட்கார்ந்து பேசலாம்.