மேல் வயல் தண்ணீர்

"மிஸ், நான் பயறு போடுறன். எனக்கு மேல உள்ளவங்க வேளாண்மைக்குத் தண்ணி கட்டினா, அந்தத் தண்ணி எங்க வந்து நிக்கும்?"

மழை குறைந்த சிறுபோகத்தின் ஆரம்பக் கூட்டத்தில், நெல்லுக்குப் பதில் பயறு போடுங்கள் என்று விவசாயப் போதனாசிரியரான நான் சொன்னதற்கு அவர் கேட்டது இவ்வளவுதான். வேளாண்மை என்றால் எங்கள் பக்கம் நெல்தான். கடைசி வாய்க்காலில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கிற மனிதர். குரலில் கோபமில்லை, மறிக்க வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. "வயலைச் சுற்றி வடிகால் வெட்டினால் சரி ஐயா" என்றேன். "வெட்டலாம். வெட்டின தண்ணிய எங்க விடுற?" என்றார். அதற்குள் குளத்தின் நீர்மட்டத்தை வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர், விதைப்பு எப்போது தொடங்கி எப்போது முடிய வேண்டும், மாடுகளை எந்தத் திகதிக்குள் அகற்ற வேண்டும் என்று கூட்டம் வழமைபோல் போனது. அவருடைய இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியுமா என்பது சந்தேகம்தான்.

நான் சொன்னது தவறான ஆலோசனை இல்லை. உன்னிச்சைக் குளம் இப்போது வயலுக்கு மட்டும் உரிய குளம் இல்லை, மட்டக்களப்பு நகரம் குடிக்கிற தண்ணீரும் அங்கிருந்துதான் போகிறது. சிறுபோகத்தில் குளம் இறங்கினால் முதலில் காய்வது கடைசி வாய்க்கால்காரரின் வயல். கதிர் வருகிற நேரத்தில் தண்ணீர் எட்டாமல் நெல் பதராகிப் போனதை நான் அங்கே பார்த்திருக்கிறேன். பயறுக்கு அவ்வளவு தண்ணீர் வேண்டாம். எம்ஐ 6 ரகம் 60, 65 நாளில் ஆய்ந்துவிடலாம். யூரியாச் செலவும் பெரிதாக இல்லை. வேர்முடிச்சு மண்ணுக்கு நைதரசன் சேர்க்கும், அடுத்து மழைக்காலத்தில் வரும் பெரும்போக நெல்லுக்கு அது உதவும். மூன்று மாத நெல்லான பிஜி 300ஐ விதைத்துவிட்டு, தண்ணீர் வருமா என்று இரவில் மண்வெட்டியோடு வாய்க்காலில் காவல் இருப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஒவ்வொரு வருடமும் அதே நெல், அதே நட்டம் என்ற சுற்றிலிருந்து அவரைப் போன்றவர்கள் வெளியே வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். இன்றைக்கும்தான்.

ஆனால் பயறுக்கு ஏற்ற காலம் எது என்று யோசித்தால் சிக்கல் தொடங்குகிறது. பெரும்போக அறுவடை முடிந்து மண் ஈரம் காய்வதற்குள் விதைத்துவிட்டால் நல்லது. அந்த நேரம் வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், மாடு நிற்கும். பெரும்போகத்துக்காக மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் போன மாடுகள் வேளாண்மை வெட்டியதும் இறங்கிவிடும், அது காலங்காலமான ஏற்பாடு. அந்த மேய்ச்சல் தரையே பறிபோகிறது என்று 2023இல் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அவர்களிடம் போய், இன்னும் கொஞ்ச நாள் மாட்டை அங்கேயே வைத்திருங்கள் என்று எந்த வாயால் கேட்பது? சரி, மாடு வெளியேறிய பிறகு விதைக்கலாம் என்றால், மாட்டை அகற்றும் திகதியே நெல் விதைப்பை வைத்துத்தான் குறிக்கப்படுகிறது. விதைப்போடு வாய்க்காலும் திறந்துவிடும். முந்தினால் மாடு, பிந்தினால் தண்ணீர்.

இதையெல்லாம் அவர் கூட்டத்தில் விளக்கவில்லை. ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார். விவசாயிகள் பழக்கத்தை விடமாட்டார்கள் என்று எங்கள் பயிற்சி வகுப்புகளில் சர்வசாதாரணமாகப் பேசிக்கொள்வோம். ஆனால் அது வெறும் பழக்கம் இல்லை. வட்டை முழுக்க ஒரே பயிர் நின்றால் மாட்டுக்குக் காவல் ஒன்று, யானைக்குக் காவல் ஒன்று, தண்ணீர் முறை ஒன்று, வெட்டு மெஷினும் எல்லோருக்கும் ஒரே வரவில் வந்து போகும். தனியாக ஒருவர் விலகினால் இவை எல்லாவற்றையும் அவர் தனியாகப் பார்க்க வேண்டும். கடன் வேறு. பெரும்போகத்துக்குக் காசு தந்த மில்காரர் நெல்லாகத்தான் கேட்பார், பயறை வாங்கிக் கணக்குத் தீர்க்கமாட்டார்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கோவிக்காதீங்க மிஸ். சேதனப் பசளை எண்டும் நீங்கதானே வந்து சொன்னீங்க."

சேதனப் பசளையை, அதாவது இயற்கை உரத்தை, மட்டும் போடச் சொல்லி 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது, நவம்பரில் கைவிட்டார்கள். இடையில் 2021/22 பெரும்போகம் அகப்பட்டுக்கொண்டது. வெளிறி நின்ற வேளாண்மைக்கு நடுவில் நின்று கூட்டெரு பற்றி விளக்கியவர்களில் நானும் ஒருத்தி. அந்த முடிவு என்னுடையதல்ல. ஒரு போதனாசிரியரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டு வர்த்தமானி போடுவதில்லை. ஆனாலும் அவருடைய வரம்பில் வந்து நின்ற முகம் என் முகம்தான்.

"அது வேற ஐயா, இது வேற" என்றேன்.

"ஓம், வேறதான்" என்றவர் கொஞ்சம் பொறுத்து, "சரி மிஸ், அரை ஏக்கருக்கு விதை தாங்க" என்றார்.

ஏன் சம்மதித்தார் என்பதுதான் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. நான் சொன்னது மனதில் பட்டிருந்தால் அந்தச் சேதனப் பசளைப் பேச்சை எடுத்திருக்கமாட்டார். மானிய விதைக்காக என்றும் சொல்ல முடியாது, அரை ஏக்கருக்கு ஆறு கிலோ விதை, அதில் என்ன பெரிய லாபம்? கேட்டு வந்த பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று நினைத்தாரோ? அப்படியானால் மண்ணையும் உழைப்பையும் எனக்காகத்தான் செலவழித்தார். இல்லை, அரை ஏக்கரில் பார்த்துவிடுவோம் என்ற ஒரு விவசாயியின் கணக்கு அது, நான்தான் அதை இரக்கமாக்கிப் பார்க்கிறேன் என்றும் சில நாள் தோன்றும். அவருடைய புத்தியைக் குறைத்து எடைபோட எனக்கு என்ன உரிமை?

விதைத்தார். வடிகாலும் வெட்டினார். மேல் வயலுக்குத் தண்ணீர் கட்டிய பிறகு நான் போய்ப் பார்த்தபோது வரம்போரத்துச் செடிகள் அடி இலையிலிருந்து மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. ஒரு செடியைப் பிடுங்கினேன். பிடுங்கிய குழியில் தண்ணீர் ஊறி நிறைந்தது. அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. மேட்டுப் பக்கம் நன்றாக வந்தது. காலை வெயில் ஏறினால் நெற்று வெடித்துவிடும் என்று அவருடைய மனைவியும் மகளும் விடியற்காலையிலேயே இறங்கி, கறுத்த நெற்றாகப் பார்த்து உரப்பையில் ஆய்ந்தார்கள். மயில் தின்றது போக மிஞ்சியதற்கு நல்ல விலை கிடைத்தது. அடுத்த பெரும்போகத்தில் அந்த மேட்டில் நெல் மற்ற இடத்தைவிடப் பச்சையாக நின்றதை அவரே எனக்குக் காட்டினார்.

அப்படியிருந்தும் அடுத்த சிறுபோகத்துக்கு இரண்டு ஏக்கரும் நெல்தான் விதைத்தார். நான் காரணம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

முன்னேற்ற அறிக்கையில் பயறு அரை ஏக்கர் என்று பதிந்தேன். அழுகிப்போன பகுதியைக் 'குறிப்பு' என்ற பத்தியில் எழுதினேன். அதைப் பற்றி மேலிருந்து யாரும் விசாரிக்கவில்லை. மறுவருடத் திட்டத்துக்கான படிவம் வந்தபோது அதே பயிர்ப் பெயர்கள், அதே பத்திகள், பக்கத்தில் போன வருட இலக்கு. மாற்றுப் பயிர் செய்யுங்கள் என்று நான் எழுந்து பேசுவதும் ஒவ்வொரு ஆரம்பக் கூட்டத்திலும் அதே இடத்தில்தான் வருகிறது, தண்ணீர் விபரத்துக்கும் காப்புறுதிக்கும் இடையில். கேட்பவர்கள் அதை அந்தக் கூட்டத்தின் ஒரு பகுதியாக எடுத்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். அவருடைய வருடமும் என்னுடைய வருடமும் அப்படித்தான் சுற்றுகின்றன. ஒரு வித்தியாசம், என் சுற்றில் நெல் பதரானாலும் பயறு அழுகினாலும் மாதம் முடிய எனக்குச் சம்பளம் வந்துவிடும்.

ஒரு வாய்க்காலின் கீழுள்ள எல்லோரும் சேர்ந்து பயறுக்கு மாறினால் தண்ணீர்ப் பிரச்சினை பாதி தீரும் என்பது இப்போது என் எண்ணம். வயல்களைக் கவனிக்கும் வட்டை விதானையிடம் சொன்னேன். "மேல இருக்கிறவனுக்குத் தண்ணி வருது, அவன் ஏன் மிஸ் மாறப்போறான்?" என்றார். நியாயமான கேள்வி. ஒருவேளை மேல் வயலில் இருப்பவர்கள் ஒரு துண்டை மட்டும் மாற்றச் சம்மதிக்கலாம். சம்மதிக்காமலும் போகலாம். இந்த முறை கூட்டத்துக்கு முன்பே அவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பேசப் போகிறேன். அவர்கள் முடிவு தெரியாமல் கடைசி வாய்க்கால்காரரிடம் பயறைப் பற்றி வாய் திறக்கமாட்டேன். அவராக வந்து விதை கேட்டால் என்ன சொல்வது என்று மட்டும் இன்னும் தீர்மானிக்கவில்லை.