கையை விட்டு இறங்காத வாட்ச்: ஒரு தேடல் நாட்குறிப்பு

ஜனவரி 4

ஓட்டம், நீச்சல், சைக்கிள், லீவு கிடைத்தால் மலையேற்றம். இத்தனைக்கும் ஒரே வாட்ச் போதும், ஆனால் அது எந்த நேரத்திலும் கழற்றத் தேவையில்லாததாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். கழற்றி வைக்கிற இடத்தில்தான் வாட்ச் தொலைகிறது, உடை மாற்றும் அறையில் மறந்துபோகிறது, குளியலறைத் திண்டிலிருந்து விழுகிறது. அதனால் எந்த மாடலைப் பார்த்தாலும் முதலில் கேட்கப்போவது ஒன்றுதான்: எந்த வேலைக்காக இதைக் கழற்ற வேண்டியிருக்கும்?

ஸ்மார்ட்வாட்ச் இந்தக் கேள்வியிலேயே போய்விட்டது, சார்ஜ் போடவாவது கழற்றியாக வேண்டுமே. இதயத் துடிப்பும் ஓடிய தூரமும் பயிற்சிக்குத் தேவைப்படுகிறவர்களுக்கு அது நல்ல கருவி. எனக்கு மணி, தேதி, ஸ்டாப்வாட்ச், அலாரம் இருந்தால் போதும்.

ஜனவரி 7

இன்று முழுக்கத் தண்ணீர் பற்றித்தான் படித்தேன். டயலில் 30 மீட்டர் என்று இருந்தால் 30 மீட்டர் ஆழம் வரை போகலாம் என்று நினைக்கிறவர்கள் இன்னும் நிறையப் பேர். அது புது வாட்ச்சுக்கு அந்த ஆழத்தின் அழுத்தத்தை அசைவில்லாமல் கொடுத்துப் பார்க்கிற சோதனை, அவ்வளவுதான். நடைமுறையில் 30 என்றால் கை கழுவலாம், மழையில் நனையலாம். அதற்கு மேலே உள்ளதை எங்கள் நீச்சல் மாஸ்டர் சுருக்கமாகச் சொல்வார்: "ஐம்பதுன்னா நீந்தலாம், நூறுன்னா யோசிக்காம நீந்தலாம்."

நீந்தும்போது கையை வீசுவதால் அழுத்தம் பல மடங்கு ஏறிவிடும், அதனால்தான் அந்த எண்ணை நம்பக் கூடாது என்று ஒரு விளக்கம் எங்கே போனாலும் கேட்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். கை நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் தண்ணீரைத் தள்ளினால் கூடுகிற அழுத்தம் அரை மீட்டர் ஆழத்துக்குக்கூட வராது. நொடிக்கு 10 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டாலும் 5 மீட்டர் ஆழம்தான், அந்த வேகத்தில் தண்ணீருக்குள் கையை யார் வீசப்போகிறார்கள்! ஆக, கையசைவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தண்ணீர் புகாமல் அடைக்க உள்ளே இருக்கிற ரப்பர் வளையங்கள்தான் விஷயம். வயதாக ஆக அவை இறுகும், சோப்பும் சன்ஸ்கிரீனும் அவற்றைக் கெடுக்கும், சூடான தண்ணீரில் இருந்துவிட்டு உடனே குளிர்ந்த நீருக்குப் போனால் உலோகமும் ரப்பரும் வேறு வேறு அளவில் சுருங்கும். கடையில் சோதித்த எண் மூன்று நான்கு வருடம் கழித்தும் அப்படியே இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. 100, 200 என்று கூடுதலாக வாங்குவது ஆழத்துக்காக இல்லை, அந்தத் தேய்மானத்துக்கு இடம் விட்டு வைக்கத்தான்.

இன்னொன்றும் கவனித்தேன். சாதாரண வாட்ச்சுகளுக்கான ஐஎஸ்ஓ 22810 என்கிற சர்வதேசத் தரத்தில் சில மாதிரிகளைச் சோதித்தால் போதும். டைவிங் வாட்ச்சுக்கான ஐஎஸ்ஓ 6425-ல் ஒவ்வொரு வாட்ச்சையும், குறித்த ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் பார்க்க வேண்டும். டைவர் என்று பெயர் வைத்தவை எல்லாம் அந்தத் தரத்தில் வராது, 6425 என்ற எண்ணைத் தேடிப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 10

கண்ணாடி. கடினத்தன்மையைச் சொல்கிற மோஸ் அளவில் சஃபையர் கண்ணாடி 9, மணலிலும் பாறையிலும் இருக்கிற குவார்ட்ஸ் 7, சாதாரண மினரல் கண்ணாடி அதற்கும் கீழே. அதாவது மணலும் பாறையும் மினரல் கண்ணாடியைக் கீறும், சஃபையரைக் கீறாது. ஆனால் சஃபையர் கீறலைத் தாங்குகிற அளவுக்கு அடியைத் தாங்குவதில்லை, விளிம்பில் பட்டால் சில்லு பெயரும். அக்ரிலிக் என்கிற பிளாஸ்டிக் எளிதில் கீறும், உடையாது, கீறலைத் தேய்த்து எடுத்துவிடலாம். விண்வெளி வீரர்களுக்காக நாசா 1965-ல் தேர்ந்தெடுத்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் வாட்ச்சில் இருந்தது அக்ரிலிக்தான்.

என்னைக் கேட்டால், கண்ணாடி எந்தப் பொருள் என்பதைவிட அது எவ்வளவு உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்பது முக்கியம். சுற்றியுள்ள வளையம் ஒரு மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால் சுவரில் உரசும்போது அடியை வளையமே வாங்கிக்கொள்ளும். மேடாகப் புடைத்த சஃபையரைவிட, பள்ளத்தில் உட்கார்ந்த மினரல் கண்ணாடி பல வருடம் தெளிவாக இருக்கும்.

ஜனவரி 15

அதிர்ச்சியைத் தாங்குவது பற்றிப் பேசினால் கேசியோ நிறுவனப் பொறியாளர் கிகுவோ இபேவைச் சொல்லாமல் முடியாது. 1981-ல் அவர் வைத்துக்கொண்ட இலக்கு மூன்று பத்துகள்: 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் உடையக் கூடாது, 10 பார் நீரழுத்தம் (அதாவது 100 மீட்டர் ஆழத்தின் அழுத்தம்) தாங்க வேண்டும், பேட்டரி 10 வருடம் வர வேண்டும். மாதிரிகளைச் செய்து செய்து மூன்றாவது மாடிக் கழிப்பறை ஜன்னலிலிருந்து போட்டுப் பார்த்திருக்கிறார். எவ்வளவு கனமாகக் கவசம் போட்டாலும் உள்ளே ஏதாவது ஒரு பாகம் உடைந்துகொண்டே இருந்தது. ஒரு பூங்காவில் சிறுமி ஒருத்தி பந்தைத் தட்டி விளையாடுவதைப் பார்த்தபோது, பந்தின் நடுவில் இருக்கிற ஒரு பொருளுக்கு அடி போய்ச் சேராது என்று தோன்றியிருக்கிறது. இயங்கும் பகுதியைச் சில இடங்களில் மட்டும் தாங்கி, கிட்டத்தட்ட மிதக்கவிட்டார்கள். 1983-ல் முதல் ஜி-ஷாக் வந்தது. இந்தக் கதை எனக்கு எப்போது படித்தாலும் சலிக்காது. இப்படி அடியை உள்ளே போகவிடாமல் நிறுத்துகிற அமைப்பைத்தான் நான் தேடுகிறேன்.

அதே காரணத்தால், பேட்டரி இல்லாமல் கையசைவிலேயே சாவி ஏறுகிற ஆட்டோமேட்டிக் வாட்ச்சை இந்த வேலைக்கு எடுக்கவில்லை. எனக்கு அவை மிகவும் பிடிக்கும், பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் உள்ளே அசைந்தாடும் சக்கரத்தின் அச்சு முனை அவ்வளவு மெல்லியது. இப்போதைய வாட்ச்சுகளில் அதற்கு ஸ்ப்ரிங் பாதுகாப்பு இருக்கிறது, உடைந்தே போகும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் தினமும் கரடுமுரடான பாதையில் சைக்கிள் ஓட்டினால் நேரம் விலகும். அதோடு பேட்டரி வாட்ச்சில் இருக்கிற குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது, சாதாரணக் குவார்ட்ஸ் வாட்ச்சே மாதத்துக்கு 15 நொடி அளவில்தான் முன்பின் போகும். துல்லியத்துக்கான சுவிஸ் க்ரோனோமீட்டர் சான்று பெற்ற நல்ல ஆட்டோமேட்டிக்குக்கு ஒரு நாளைக்கு 4 நொடி பின்னே, 6 நொடி முன்னே வரை அனுமதி உண்டு. ஒரு மாதத்துக்கு அது மூன்று நிமிடம்வரை போகலாம்.

ஜனவரி 19

ஸ்ட்ராப்! இதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

200 மீட்டர் தண்ணீர் தாங்கும், 10 மீட்டர் உயரம் தாங்கும், எல்லாம் சரி. அந்த வாட்ச் கையில் நிற்பது இரண்டு மெல்லிய ஸ்ப்ரிங் பின்களால். உப்புத் தண்ணீரும் வியர்வையும் உள்ளே புகுந்து துருப்பிடித்தால் ஒரு நாள் பின் கழன்றுவிடும், அது ஏரியில் நடந்தால் வாட்ச் போனது போனதுதான். இதற்கு நல்ல வழி நைலான் நேட்டோ ஸ்ட்ராப். பிரிட்டிஷ் ராணுவம் 1973-ல் தன் தர விவரக் குறிப்பில் சேர்த்த வடிவம். ஒரே பட்டை இரண்டு பின்களுக்கும் அடியில் ஓடுவதால் ஒரு பின் போனாலும் மற்றொன்று பிடித்துக்கொள்ளும். குறை என்னவென்றால் நனைந்தால் காய நேரம் ஆகும், வாட்ச் கொஞ்சம் உயர்ந்து நிற்கும்.

தோல் ஸ்ட்ராப் வியர்வைக்கு ஆகாது, நாறும், வெடிக்கும். ஸ்டீல் செயின் நிலைத்து நிற்கும், ஆனால் வெயிலில் ஓடும்போது மணிக்கட்டு சற்று வீங்கும், பூட்டிலேயே கொஞ்சம் தளர்த்த வசதி இல்லாவிட்டால் இறுக்கும். ரெசின் என்று சொல்கிற பாலியூரித்தேன் இலகுவானது, வசதியானது, ஆனால் ஈரப்பதத்தில் வருடக்கணக்கில் இருந்தால் வேதிமாற்றம் அடைந்து உதிரத் தொடங்கும், பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்திருந்தாலும். அதனால் கேட்க வேண்டிய கேள்வி, மாற்று ஸ்ட்ராப் எளிதில் கிடைக்குமா? 18, 20, 22 மில்லிமீட்டர் என்று பொதுவான அகலத்தில் நேரான பின் இருந்தால் உலகத்தில் எங்கும் கிடைக்கும். அந்த ஒரு மாடலுக்கு மட்டுமே பொருந்துகிற வினோத வடிவம் என்றால், நிறுவனம் அந்த ஸ்ட்ராப்பைத் தயாரிப்பதை நிறுத்தும் நாளில் நல்ல வாட்ச்சும் வீணாகும்.

ஜனவரி 22

கட்டிப் பார்க்கும்போது கண்ணாடி முன் நின்று அழகு பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். உள்ளங்கையைச் சுவரில் ஊன்றி மணிக்கட்டை மடக்குங்கள், தண்டால் எடுக்கிற மாதிரி. நேரம் திருத்துகிற பக்கவாட்டுக் குமிழ் கைமேல் குத்தினால் அந்த வாட்ச்சைக் கழற்றாமல் ஒரு பயிற்சியும் செய்ய முடியாது. நான்கு மணிப் பக்கம் குமிழ் உள்ளவை, குமிழே இல்லாத டிஜிட்டல்கள் இங்கே தப்பித்துவிடுகின்றன. சட்டைக் கைக்குள் நுழைகிறதா என்றும் பாருங்கள்.

டைட்டானியத்தின் அடர்த்தி ஸ்டீலில் பாதியைவிடச் சற்றே கூடுதல், நீண்ட ஓட்டத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

ஜனவரி 27

ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிட்டேன், அதற்குக் காரணம் பேட்டரி.

வாட்ச்சுக்குச் செல் மாற்றும் ஒவ்வொரு முறையும் பின்மூடியைத் திறக்கிறார்கள். ரப்பர் வளையத்தை மாற்றாமல், நீர்ச் சோதனையும் செய்யாமல் மூடிக் கொடுத்தால் அதற்கப்புறம் 200 மீட்டர் என்ற எழுத்துக்கு அர்த்தம் இல்லை. சோலார் வாட்ச்சில் டயல் வழியாக வருகிற ஒளி உள்ளே உள்ள செல்லைத் திரும்பத் திரும்ப நிரப்புகிறது, முழுதாக நிரம்பினால் இருட்டிலேயே மாதக்கணக்கில் ஓடும். பல வருடம் மூடியைத் திறக்கவே தேவை வராது. சோலாரை எல்லோரும் செலவு மிச்சம் என்று பார்க்கிறார்கள், எனக்கோ அது தண்ணீர் புகாமல் காக்கிற ஏற்பாடு.

பிப்ரவரி 2

சதுர முகம் கொண்ட சோலார் ஜி-ஷாக் வாங்கியாயிற்று. 200 மீட்டர், சுமார் 50 கிராம், உள்ளே தள்ளிய மினரல் கண்ணாடி, குமிழ் கிடையாது. விடியுமுன் ஓடும்போது இன்னொரு கையால் பொத்தானை அழுத்தி விளக்கு போட வேண்டியிருக்கிறது, ஒளிரும் பூச்சு உள்ள முள் வாட்ச்சாக இருந்தால் அந்த வேலை மிச்சம். ஆனால் அந்தப் பூச்சும் விடியற்காலையில் மங்கியிருக்கும், ஆகவே இதை ஏற்றுக்கொள்கிறேன்.

பிப்ரவரி 16

வாங்கியதிலிருந்து கழற்றவே இல்லை. கடலில் நீந்திய அன்று மட்டும் குழாயடியில் கையோடு நன்றாகக் கழுவினேன், பொத்தான்களைச் சுற்றி விரலால் தேய்த்து.

தங்கை தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறாள். "அண்ணா, உன்னோடது என் கைக்குப் பெரிசு" என்றாள், உண்மைதான். ஒல்லியான மணிக்கட்டுக்கு டயலின் விட்டத்தைப் பார்த்துப் பயனில்லை, ஸ்ட்ராப் மாட்டுகிற மேல் முனையிலிருந்து கீழ் முனை வரையான நீளம் மணிக்கட்டின் அகலத்தைத் தாண்டாமல் இருக்க வேண்டும். 100 மீட்டர், சோலார், 18 மில்லிமீட்டர் ஸ்ட்ராப், இந்த மூன்றையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.