1996-இல் மிரோஸ்லாவ் காட்லெட்ஸ்

கால்பந்தில் பின்வரிசை ஆட்டக்காரரின் வாழ்க்கையைக் கோல் கணக்கை வைத்து எழுத முடியாது என்பதால், பெரும்பாலும் அது எழுதப்படாமலே போய்விடுகிறது. கோவையில் நமக்கே இதில் அனுபவம் உண்டு. 2019 மார்ச்சில் நேரு விளையாட்டரங்கில் சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று ஐ-லீக் பட்டத்தைப் பெற்றதைப் பேசுகிறவர்கள் ஃபார்வர்ட் பெட்ரோ மான்சியின் பெயரைத்தான் முதலில் சொல்கிறார்கள். அன்று இரண்டு கோல்களை அடித்த கௌரவ் போரா ஒரு பேக், அதாவது பின்வரிசை ஆட்டக்காரர் என்பது பலருக்கு நினைவில் இல்லை.

செக் நாட்டின் மிரோஸ்லாவ் காட்லெட்ஸும் அந்த வரிசையைச் சேர்ந்தவர்தான். அவர் ஆடிய இடத்தின் பெயர் லிபெரோ. மற்ற பேக்குகள் ஆளுக்கொரு எதிரணி ஃபார்வர்டைப் பிடித்துக்கொள்ள, அவர்களுக்கும் பின்னால் யாரையும் பிடிக்காமல் நின்று, தப்பி வரும் பந்தை எடுத்து முன்னே கொடுப்பவர். ஓட்டத்தைவிட முன்கணிப்பு அதிகம் வேண்டிய அந்த இடம் இன்றைய ஆட்டத்தில் ஏறக்குறைய மறைந்தே போய்விட்டது.

விட்கோவிட்சே அணியிலிருந்து, 1990 உலகக் கோப்பைக்குப் பின் ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்னுக்குச் சென்ற அவர், முதல் பருவத்திலேயே ஜெர்மனியின் முதல் பிரிவான புண்டெஸ்லிகாவில் பட்டம் வென்றார். ஆனால், என்னை ஈர்ப்பது 1996-ஆம் ஆண்டுதான். அந்த மே மாதம் கடைசி ஆட்டத்தில் லெவர்குசெனுடன் 1-1 எனச் சமன் செய்ததால் கைசர்ஸ்லாட்டர்ன் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. ஒரே வாரத்தில் அதே அணி கார்ல்ஸ்ரூவை 1-0 என வென்று ஜெர்மன் கோப்பையை எடுத்தது. அடுத்த மாதமே இங்கிலாந்தில் ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான யூரோ போட்டி. முதல் ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 0-2 எனத் தோற்ற செக் அணி, இத்தாலியையும் போர்ச்சுகலையும் வீழ்த்தி அரையிறுதிக்கு வந்து, ஓல்ட் டிராஃபோர்டில் பிரான்சுடன் கோலின்றி 120 நிமிடங்கள் போராடியது. பெனால்டியில் ஐந்து ஐந்தாக நின்றபோது பிரான்சின் பெட்ரோஸின் உதையைச் செக் கோல்கீப்பர் கோவ்பா தடுத்தார். ஆறாவது உதையை எடுத்துக் கோலாக்கியவர் சில நாட்களுக்கு முன்புதான் 32 வயதை எட்டியிருந்த காட்லெட்ஸ். வெம்ப்ளி இறுதியாட்டத்தில் செக் அணி முன்னிலை பெற்றும், ஜெர்மனியின் பியர்ஹாஃப் கூடுதல் நேரத்தில் அடித்த, ஆட்டத்தை அங்கேயே முடித்துவிடும் ‘தங்கக் கோலால்’ 1-2 எனத் தோற்றது.

இத்தனைக்குப் பிறகும் அவர் இரண்டாம் பிரிவில் ஆடத் திரும்பினார் என்பதைத்தான் அவருடைய வாழ்க்கையின் சிறந்த முடிவாக நான் கருதுகிறேன். சக வீரர் பவெல் கூகாவும் உடன் இருந்தார். பயிற்சியாளர் ஓட்டோ ரேஹாகெல் தலைமையில் ஒரே ஆண்டில் மேலே வந்த அணி, 1997-98 பருவத்தின் முதல் ஆட்டத்தில் மியூனிக்கில் பயர்னை 1-0 என வென்று, இறுதியில் பட்டத்தையும் பிடித்தது. பிரிவு உயர்ந்த மறு ஆண்டே புண்டெஸ்லிகாவை வென்ற வேறு அணி இன்றுவரை இல்லை. (அதே ரேஹாகெல்தான் 2004 யூரோ அரையிறுதியில் கிரேக்க அணியைக் கொண்டு செக் கனவைக் கலைத்தார் என்பது தனிக் கதை.)

பட்டத்தோடு ஜெர்மனியை விட்டு நாடு திரும்பிய காட்லெட்ஸ், த்ர்னோவிட்சே அணிக்காகச் சில காலம் ஆடி ஓய்வு பெற்றார். மகன் மிஹாலும் பேக்தான். 2012 யூரோவில் போலந்துக்கு எதிராக 1-0 முன்னிலையில் இருந்தபோது, கடைசி நிமிடங்களில் கோல் கோட்டருகே நின்று பந்தை வெளியேற்றி அணியைக் காலிறுதிக்குக் கொண்டுசென்றவர் அவர்.