"ஏன் கிளம்பினீர்கள்?" என்று முதலில் கேட்பதில்லை

இடப்பெயர்வு பற்றிய கணக்கெடுப்புப் படிவங்களில் ஒரு கேள்வி அநேகமாக எப்போதும் இருக்கும்: ஊர் மாறியதற்கு என்ன காரணம்? வேலை, படிப்பு, திருமணம், குடும்பத்தோடு வந்தது, பிற. ஊர் மாறி வந்தவர்களைப் பற்றிய என் ஆய்வுக்காக நான் பேசிய பால்புதுமையினரில் (தன்பாலீர்ப்பினர், திருநர் போன்றோர்) நிறையப் பேர் 'வேலை' என்றுதான் குறித்திருக்கிறார்கள். அது பொய்யில்லை, வேலை கிடைத்துத்தான் வந்தார்கள். ஆனால் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்த பிறகுதான் அந்த வேலைக்கு விண்ணப்பித்தார்கள் என்பதை எழுத அங்கே இடமில்லை. அந்த விடுபட்ட பகுதிக்காகத்தான் நான் எண்களை விட்டு நேர்காணல் பக்கம் வந்தேன்.

புகலிடம் கேட்டு வந்தவர்களின் நிலை இன்னும் கடினம். 1951 அகதிகள் உடன்படிக்கை சொல்லும் ஐந்து காரணங்களில் பாலீர்ப்பு (யார் மீது ஈர்ப்பு என்பது) என்ற சொல்லே கிடையாது. 'குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்தவர்' என்ற பிரிவின் கீழ்தான் விண்ணப்பிக்க வேண்டும். அப்புறம், தான் அந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்பதை எப்படி நிரூபிப்பது? படுக்கையறை விவரங்களைக் கேட்கக் கூடாது, அந்தரங்கக் காணொளிகளை ஆதாரமாக ஏற்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014இல் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. ஒருவரின் பாலீர்ப்பை உளவியல் சோதனை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று 2018இல் மறுபடியும் சொன்னது.

அதிகாரிகள் முன்னால் அப்படி உட்கார்ந்து எழுந்தவரிடம் நானும் ஒரு பதிவுக் கருவியோடு போய் உட்காருகிறேன். எப்போது தெரிந்தது, யாரிடம் சொன்னீர்கள், என்ன பயம் என்று கேட்டால், வழக்குக்காக அடுக்கி வைத்த அதே வரிசையில் பதில் வரும். உயிர் பிழைக்கச் சொன்ன கதை அது, அதை நான் சந்தேகிப்பதில்லை. ஆனால் அதையே திரும்பச் சொல்லவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் வேறு எதையாவது கேட்கிறேன். முதலில் தங்கிய அறையின் சாவி யாரிடம் இருந்தது? வீட்டுக்குப் பணம் அனுப்புகிறீர்களா?

பணத்தைப் பற்றிக் கேட்டால் வருகிற பதில்கள் என்னை உலுக்கிவிடும். ஒருவர் (அனுமதி கேட்டு, விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்) மாதம் தவறாமல் அம்மாவுக்கு அனுப்புகிறார். அம்மா அவருடைய போனை எடுப்பதில்லை. "பணத்தை வாங்கிக்கிறாங்கல்ல, அப்போ நான் இன்னும் அந்த வீட்டுப் பிள்ளைதான்" என்றார். புள்ளிவிவரத்தில் இது குடும்பத்துக்கு வந்த தொகை, அவ்வளவுதான்.

மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது அமெரிக்கச் சமூகவியலாளர் லாட் ஹம்ஃப்ரீஸின் ஆய்வு. 1970இல் புத்தகமாக வந்தது. பொதுக் கழிப்பறைகளில் சந்தித்துக்கொண்ட ஆண்களின் கார் எண்களை அவர் குறித்துக்கொண்டார். அதை வைத்து முகவரிகளைக் கண்டுபிடித்தார். பிறகு தோற்றத்தை மாற்றிக்கொண்டு, சுகாதாரக் கணக்கெடுப்பு என்ற பெயரில் அவர்கள் வீட்டுக்கே போனார். அவர்களில் பலர் மணமானவர்கள். மாணவர்களுக்குக் கோபம் வரும், வரத்தான் வேண்டும். அந்தக் கோபம் ஆறுவதற்குள் அவரவர் குறிப்பேட்டைத் திறக்கச் சொல்வேன். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. சிறிய சமூகத்தில் தொழில், வயது, வந்த ஆண்டு மூன்றும் சேர்ந்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். கருவியை நிறுத்தச் சொன்ன பிறகு பேசியதை அவர் அனுமதியில்லாமல் எழுதக் கூடாது, அது எவ்வளவு அருமையான வரியாக இருந்தாலும்.

ஆய்வுக்குப் பணம் தரும் நிதிக்குழுக்களில் "இத்தனை பேர் போதுமா?" என்று கேட்பார்கள். என்னை உறுத்துவது அதுவல்ல. ஒருவர் அடுத்தவரை அறிமுகப்படுத்தி, அவர் இன்னொருவரை அறிமுகப்படுத்தி வளர்கிற பட்டியல் இது. நண்பர்களே இல்லாதவர் இதற்குள் வரவே மாட்டார், பெரும்பாலும் அதிகத் தனிமையில் இருப்பவர் அவர்தான். அதனால் இப்போது ஒரே வட்டத்தில் தொடங்குவதில்லை. மொழி வகுப்புகள், வழிபாட்டுக் குழுக்கள், தொழிற்சங்கங்கள் என்று தனித்தனியாகப் போகிறேன். அடுத்து, இரவுப் பணி பார்க்கும் துப்புரவுத் தொழிலாளர்களைச் சந்திக்கக் கேட்டிருக்கிறேன். அவர்கள் பணி முடிந்து வரும் விடியற்காலையில்தான் பேச முடியும் என்றார்கள். சரி, வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.