1992 மியாட்டாவுக்குப் புது சைலன்சர்: துருப்பிடித்த நட்டு முதல் புகைச் சோதனை வரை

ஜனவரியில் கடிதம் வந்தது. வண்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு முன் புகைச் சோதனையில் தேறியிருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 1976-லும் அதற்குப் பிறகும் வந்த பெட்ரோல் கார்களுக்கு, ரொம்பப் புதியவை தவிர, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இது உண்டு. என்னுடையது மஸ்தா மியாட்டா, 1992 மாடல், 1.6 லிட்டர். இந்த வயது வண்டிகளை எங்கள் ஃப்ரீமான்ட் பக்கம் உருளைகள் மேல் ஏற்றி, மணிக்கு 15 மைல், 25 மைல் வேகங்களில் ஓட்டிப் புகையை அளக்கிறார்கள்.

போன தடவை நைட்ரிக் ஆக்சைடு அளவு எல்லையை ஒட்டி நின்றது. புகையின் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கன்வெர்ட்டர் வண்டியோடு வந்தது, முப்பது வயது தாண்டியாயிற்று. சைலன்சரின் அடியில் விரல் நுழையும் அளவுக்குத் துரு ஓட்டை. சரி, தலையிலிருந்து வால் வரை மாற்றிவிடலாம் என்று இறங்கினேன்.

வாங்கும்போது ஒரு கணக்கு மனதில் இருக்க வேண்டும். கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள குழாயும் சைலன்சரும் நம் விருப்பம், சத்தம் 95 டெசிபலைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். கன்வெர்ட்டரும் அதற்கு முன்னால் உள்ளவையும் வேறு கதை. வேறு கம்பெனி பாகம் போட்டால், அது நம் வருடத்துக்கும் இன்ஜினுக்கும் பொருந்தும் என்று மாநிலக் காற்றுவள வாரியம் கொடுத்த இ.ஓ. எண் அதற்கு இருக்க வேண்டும். இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் கன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் இந்த எண் இல்லாதவை. எண் உள்ள கன்வெர்ட்டர், எண் உள்ள ஹெடர் (சிலிண்டர்களின் புகையை ஒன்றாகச் சேர்க்கும் முன்பக்கக் குழாய்), இரண்டேகால் அங்குல ஸ்டெயின்லெஸ் குழாயோடு ஒரு சைலன்சர், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை உணரும் புது ஆக்சிஜன் சென்சார் வாங்கினேன். கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு வெறும் குழாய் போடச் சொல்லும் நண்பர்கள் எனக்கும் உண்டு. எனக்கு அதில் சம்மதமே இல்லை. கூரையைத் திறந்து ஓட்டுகிற வண்டி இது. சிக்னலில் நிற்கும்போது அந்தப் புகையை முதலில் மூச்சிழுப்பது நானும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் மகளும்தான்.

கழற்றுவதிலேயே ஒரு வார இறுதி போயிற்று. வெள்ளி இரவே எல்லா நட்டுகளிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்தேன். சனிக்கிழமை கன்வெர்ட்டரைக் குழாயோடு சேர்க்கும் ஃபிளாஞ்சில் ஒரு போல்ட் முறிந்தது, அதை ட்ரில் போட்டு எடுத்தேன். சென்சாரை 22 எம்.எம். பிளவு சாக்கெட்டால், இன்ஜின் லேசாகச் சூடாக இருக்கும்போதே கழற்றினேன். ரப்பர் தொங்கிகளுக்குச் சோப்புத் தண்ணீர் தடவினால் போதும், வழுக்கிக்கொண்டு வருகின்றன.

எல்லாம் மாட்டி ஸ்டார்ட் செய்தேன். ஒலி அருமை. ஆனால் குளிர்ந்த இன்ஜினில் மட்டும் 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம், இரண்டு நிமிடத்தில் மறைந்துவிடும். புது இரும்பு சூடேறி உட்காரும்வரை இருக்கும் என்று விட்டுவிட்டு, முன்சோதனைக்குப் போனேன். கார்பன் மோனாக்சைடு 1.9 சதவீதம். தோல்வி. அதே தாளில் நைட்ரிக் ஆக்சைடு வெறும் 60 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 60 பங்கு. கார்பன் மோனாக்சைடு ஏறி நைட்ரிக் ஆக்சைடு விழுந்தால், இன்ஜினுக்குள் பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று பொருள்.

புதுக் குழாய் போட்டதற்கும் பெட்ரோல் கூடியதற்கும் என்ன சம்பந்தம்? வீட்டுக்கு வந்து சென்சார் கம்பியில் மல்டிமீட்டரை வைத்தேன். சூடான இன்ஜினில் அது 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஓயாமல் ஊசலாட வேண்டும். என்னுடையது பெரும்பாலும் 0.1 பக்கமே படுத்துக் கிடந்தது. அதாவது, 'காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை' என்று சென்சார் சொல்கிறது. இன்ஜின் கம்ப்யூட்டர் அதை நம்பி மேலும் மேலும் பெட்ரோல் ஊற்றுகிறது. சென்சார் புதிது, அதன் மேல் தவறில்லை. அதற்கு முன்னால் எங்கோ வெளிக்காற்று உள்ளே புகுகிறது. வெளியேறும் புகை துடிப்புத் துடிப்பாகத்தான் வரும். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே அழுத்தம் இறங்கும்போது சின்ன இடுக்கு வழியாகக் காற்று உள்ளே இழுபடும். அந்த 'டிக் டிக்' இதே இடுக்கின் சத்தம்தான்.

இடத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. இன்ஜின் ஆறியபின், வேக்யூம் கிளீனரின் காற்று ஊதும் முனையைச் சைலன்சர் வாயில் துணி சுற்றிச் செருகினேன். மகள் டார்ச் பிடிக்க, ஒவ்வோர் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தேன். கன்வெர்ட்டர் பக்கம் ஒன்றுமில்லை. நான்காவது சிலிண்டரின் அடியில், ஹெடர் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டோடு சேரும் இடத்தில், "அப்பா, இங்கே நுரைக்குது" என்றாள்.

ஹெடரைத் திரும்பக் கழற்றினேன். ஹெட்டின் முகப்பில் இடுக்கை அடைக்கும் பழைய கேஸ்கெட்டின் கருகிய துணுக்கு ஒன்று நகக்கண் அளவுக்கு ஒட்டியிருந்தது. முதல் தடவை அவசரத்தில் அதைச் சுரண்டாமல் விட்டிருந்தேன். இந்த முறை முகப்பு பளிச்சென்று வரும்வரை தேய்த்து, நேர்விளிம்பு வைத்துச் சமமா என்று பார்த்து, புது கேஸ்கெட் போட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மூன்று சுற்றில் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடுக்கினேன். இரண்டு நாள் ஓட்டியபின் இன்னொரு முறை. டிக் சத்தம் நின்றது. மீட்டரில் முள் ஆடத் தொடங்கியதைப் பார்த்தபோது வந்த நிம்மதி, சைலன்சரின் ஒலியைக் கேட்டபோதுகூட வரவில்லை.

அப்புறம் இரண்டு சில்லறை வேலைகள். பெட்ரோல் டேங்க் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவின் ஹோஸ் வெடித்திருந்தது. அடி கணக்கில் ஹோஸ் வாங்கி மாற்றினேன். கராஜில் வருடக்கணக்காக இருந்த பெட்ரோல் வாடை அன்றோடு போயிற்று. அடுத்தது இக்னிஷன் டைமிங், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எவ்வளவு முன்னால் தீப்பொறி பறக்கிறது என்பது. முந்தைய உரிமையாளர் வேகத்துக்காக 14 டிகிரியில் வைத்திருந்தார். டயக்னோசிஸ் பெட்டியில் டி.இ.என்., கிரவுண்ட் என்ற இரண்டு முனைகளையும் கம்பியால் இணைத்து, டைமிங் லைட் வைத்து, கம்பெனி சொன்ன 10 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். போன தடவை நைட்ரிக் ஆக்சைடு உயர்ந்ததில் இதற்குப் பெரிய பங்கு இருந்திருக்கும். டைமிங் முந்தினால் சிலிண்டருக்குள் வெப்பம் ஏறும், வெப்பம் ஏறினால் அந்த வாயு கூடும். சோதனையில் டைமிங்கையும் பார்ப்பார்கள்.

மார்ச் 2-ஆம் வாரம் மறுபடி போனேன். அதற்கு முன் ஹைவேயில் இருபது நிமிடம் ஓட்டினேன், ஆறிய கன்வெர்ட்டர் வேலை செய்யாது. 15 மைலில் கார்பன் மோனாக்சைடு 0.08 சதவீதம், ஹைட்ரோகார்பன் (எரியாமல் மிஞ்சும் பெட்ரோல்) 31 பி.பி.எம்., நைட்ரிக் ஆக்சைடு 212 பி.பி.எம். தேறிவிட்டது. இன்ஜினில் ஒட்டிய இ.ஓ. ஸ்டிக்கரையும் கன்வெர்ட்டரில் பொறித்த எண்ணையும் சோதனையாளர் டார்ச் அடித்துக் குறித்துக்கொண்டார்.

ஒலி இப்போது 3,000 சுற்றுவரை அமைதி, 4,500 தாண்டினால் கணீரென்று எழும்புகிறது. ஹைவேயில் 65 மைலில் மெல்லிய ரீங்காரம் ஒன்று காதில் தங்குகிறது. நீண்ட பயணத்துக்கு அது எனக்குக் கொஞ்சம் அதிகம். குழாயின் நடுவில் அந்த ரீங்காரத்தை அடக்கும் சின்ன ரெசனேட்டர் ஒன்றை வெல்டிங் வைக்க அளவெடுத்து வைத்திருக்கிறேன். ஹெடரின் வெப்பத்தகடும் ஒரு போல்ட் இல்லாமல் அதிர்கிறது. இரண்டும் வரும் சனிக்கிழமைக்கு.